காம்பு கிள்ளிய பூக்கள்

அந்தக் கொடுவா மீன் பாவம். செதிலும் போகவில்லை, உடம்பெல்லாம் ஊசித் துளை வேறு. போன வாரம் காசியம்மாவின் கையில் அது பட்ட பாட்டை நினைத்து விழிதியூர் வீட்டில் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. மருமகள் வெண்மதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகக் கொல்லைப்படியில் வைத்துவிட்டுப் போன சாமான் அப்படி இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஈயத்தால் ஒரு வட்டம். தூக்கினால் படிக்கல் கனம். மேலே நெருக்க நெருக்கமாகப் பித்தளை ஊசிகள். காரைக்கால் பக்கத்தில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால் யாருக்கும் மீன் செதில் தேய்ப்பதுதான் ஞாபகத்துக்கு வரும்.

"அத்தை, அது மீனுக்கு இல்லீங்க. பூ நிறுத்தி வைக்கிறது" என்று வெண்மதி சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சொன்னாள்.

அவளோடு வேலை பார்க்கும் மெஹர் பானு டீச்சர் கொடுத்தது அது. மெஹர் பானுவின் கணவர் தாவூது கப்பல் வேலையில் இருந்தபோது ஜப்பான் துறைமுகம் ஒன்றில் வாங்கி வந்தாராம். தண்ணீருக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் வெள்ளைக்காரர்கள் அதைத் தவளை என்பார்களாம்.

"தவளைக்கு இத்தனை பல்லா?" என்று கேட்டாள் காசியம்மா. அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்குத் தவளை என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் காசியம்மாவுக்கு அது வெறும் சிரிப்புச் சாமானாக இருந்தது அன்று சாயங்காலம் வரைக்கும்தான். வெண்மதி வெண்கல உருளியை எடுத்துத் துலக்கி, நடுவே தவளையை வைத்து, ஊசிகள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றினாள். கொல்லையிலிருந்து ஒரே ஒரு நந்தியாவட்டைக் கிளையை வெட்டி வந்து, அடியைச் சரிவாகச் சீவி, ஊசிகளின் மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினாள். கிளை நின்றது.

காசியம்மா முறத்தை இறக்கி வைக்க மறந்து நின்றுவிட்டாள்.

பிறந்தது முதல் பூவோடு வாழ்ந்தவள் அவள். கட்டின பூ, தொடுத்த பூ, சாமி கழுத்தில் தொங்குகிற பூ, உருளித் தண்ணீரில் மிதக்கிற பூ, பாடை மேல் உதிர்கிற பூ எல்லாம் பார்த்தாகிவிட்டது. செடியை விட்டு வந்த பிறகும் இப்படி நிமிர்ந்து நிற்கிற பூவை அவள் பார்த்ததே இல்லை. வெட்டுப்பட்டது அதற்கே தெரியாததுபோல் நின்றது. அன்று அவள் சோறு வடிக்க நேரமாகிவிட்டது, கேட்டவர்களுக்குக் காரணமும் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு வெண்மதி தினமும் ஏதாவது வைப்பாள். ஒரு நாள் அரளிக் கிளை, ஒரு நாள் வாழைக் குருத்தும் ஒற்றைச் செம்பருத்தியும். காசியம்மா போகும்போதும் வரும்போதும் நின்று பார்ப்பாள். உருளியில் தண்ணீர் குறைந்தால் சொல்லுவாள்.

தொட மட்டும் மாட்டாள்.

கணவர் மருதையன் காலமானதிலிருந்து காசியம்மா பூவைத் தொட்டதில்லை. தலையில் வைக்காததை விடுங்கள், அது ஊர் வழக்கம். இவள் அதற்கும் மேலே போனாள். சாமி படத்துக்குப் பூ வைப்பது மருமகள். கொல்லையில் மருதையன் இரும்புக் குழாய் நட்டுப் பந்தல் போட்ட முல்லைக்கொடியில் மொட்டுப் பறிப்பது எதிர்வீட்டுப் பெண்கள். தொடாதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஒரு கல்யாண வீட்டில் வழியில் இருந்த பூத்தட்டை நகர்த்தப் போனாள், பக்கத்தில் இருந்த பெண் சட்டென்று தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், அவ்வளவுதான் நடந்தது. அன்று மடங்கிய கை இன்னும் நீளவில்லை.

இந்த லட்சணத்தில் இன்று அவள் மகள் வினோதாவுக்கு நிச்சயதார்த்தம்.

"அம்மா, எந்தச் சேலை கட்டப் போற?" காலையில் பல் விளக்கிக்கொண்டே வினோதா கேட்டாள்.

"எதையாவது கட்டுறேன். அடுப்படியில யாரு வந்து பாக்கப் போறா?"

வினோதா வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து எதிரே நின்றாள். "தட்டு மாத்துறப்ப நீ கூடத்துல இருக்கணும்."

"அண்ணனும் அண்ணியும் மாத்துவாங்க. உன் லோகாத்தை வேற வந்திருக்கா. அப்புறம் என்ன?"

"எனக்கு நீ இருக்கணும்மா."

"நான் வீட்டுலதானே இருக்கேன், எங்க போறேன்? போய்க் காப்பி குடி."

மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். காசியம்மாவுக்கு ஆசை இல்லாமலா இருக்கும்? பெற்ற மகள் சபையில் தலை குனிந்து உட்காரும்போது எதிரே நின்று பார்க்க யாருக்குத்தான் ஆசையிருக்காது? ஆனால் பயம் அதைவிடப் பெரியதாக இருந்தது. சுரக்குடியிலிருந்து வரப்போகிற சம்பந்தி காத்தமுத்து சாமானிய ஆளில்லை. பஞ்சாங்கம் பார்க்காமல் தலைகூட வாரமாட்டார் என்று வினோதாவே சிரித்துச் சொன்னதுண்டு. தான் முன்னால் நின்று, அது அவர் கண்ணில் உறுத்தி, அதனால் மகள் வாழ்க்கைக்கு ஒரு கீறல் விழுந்தால் பிறகு தாங்க முடியுமா? அடுப்படியே போதும் என்று அவள் முடிவு செய்து பல நாளாயிற்று.

அப்போதுதான் கொல்லைப்புறத்தில் வெண்மதியின் குரல் கேட்டது. "ஐயோ" என்றாள். சத்தமாகக்கூட இல்லை.

காசியம்மா போய்ப் பார்த்தாள். மருதையனின் தங்கை லோகாம்பாள், நேற்று ராத்திரியே வந்துவிட்டவள், கோழி கூவுவதற்கு முன் எழுந்து குளித்து, ஈரத் தலையில் துண்டோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஈரத்துணி விரித்த முறம். முறம் நிறைய ரோஜாத் தலைகள், மஞ்சள் செவ்வந்தித் தலைகள். மடியில் முழம் முழமாகச் சம்பங்கிச் சரம். பக்கத்தில் வாளி காலியாகக் கிடந்தது.

"வாளி நிறைய பூவை அப்படியே காம்போட போட்டு வெச்சிருக்கீங்க, யாருமே பாக்கல" என்றாள் லோகாம்பாள், நிறைந்த மனத்தோடு. "உங்களுக்கெல்லாம் எங்க நேரம்? அதான் நானே உக்காந்து எல்லாத்தையும் கிள்ளிட்டேன். இந்தப் பூக்காரன் நல்லா ஏமாத்தியிருக்கான் வெண்மதி, ஒவ்வொண்ணுலயும் இத்தாத்தண்டி காம்பு. தண்டையெல்லாம் மாட்டுக்குப் போட்டுட்டேன். முள்ளுக் காம்பு மட்டும் குப்பையில."

காம்புக்காகவே காரைக்கால் பூக்கடையில் முன்கூட்டிச் சொல்லி வைத்து, நீளம் குறையக் கூடாது என்று நாலு தடவை போன் செய்து வாங்கின பூ அது. சாயங்காலம் இரண்டு குடும்பமும் எதிரெதிரே உட்காரும் கூடத்தின் நடு மேசையில், உருளியில் தவளையை வைத்து, பார்க்கிறவர்கள் கண்ணை எடுக்காதபடி ஒன்று செய்யப் போகிறேன் என்று வெண்மதி ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது பூ இருக்கிறது, நிற்கக் கால் இல்லை.

லோகாம்பாளைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. காம்போடு பூ வந்தால் கிள்ளுவதுதானே நம் பெண்களின் கைப்பழக்கம்? கீரையை வேரோடு உலையில் போடுவார்களா? அவள் கணக்கில் அவள் செய்தது பெரிய உபகாரம்.

"பரவாயில்லீங்க லோகாத்தை" என்று சொல்லிவிட்டு வெண்மதி கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். தேவைக்கு அதிகமாகவே கழுவினாள்.

மகன் செம்பியன் கடைக்குப் போன் போட்டான். முகூர்த்த நாளாம், தண்டோடு ஒரு பூகூட இல்லையாம். "விடு வெண்மதி, ஒரு பிளாஸ்டிக் பூங்கொத்து வெச்சுக்கலாம்" என்றான் அவன், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. வெண்மதி பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு பலகாரம் வாங்கப் போய்விட்டான்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வெண்மதி வினோதாவைக் காரைக்காலுக்கு அலங்காரத்துக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினாள். "வந்து ஏதாவது பாத்துக்கறேன் அத்தை" என்றாள் போகும்போது. குரலில் சுரத்தே இல்லை.

வீடு அடங்கியது. லோகாம்பாள் உள்ளறையில் கொஞ்சம் தலை சாய்த்திருந்தாள். காசியம்மா கூடத்தைப் பெருக்க வந்தவள், நடு மேசைக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

உருளி தயாராக இருந்தது. தண்ணீர் ஊற்றியிருந்தது. அடியில் தவளை உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டு ஊசிகள் தண்ணீருக்குள் மினுங்கின. அத்தனை ஊசியும் எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. அப்படியே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

கிணற்றைப் பார்த்துச் சாய்ந்து வளர்ந்த நந்தியாவட்டையின் கிளை ஒன்று வெகு நாளாக அவள் கண்ணில் இருந்தது. ஒரு பக்கம் போய், யோசித்துக்கொண்டு, திரும்பி மேலே ஏறிய கிளை. அதன் முன்னால் நின்றபோது கை தானாக மடங்கியது. வெள்ளை வெளேரென்று ஐந்தாறு பூ அதில் பூத்திருந்தது.

ஆனால் வெண்மதி வைத்ததைத் தினமும் பார்த்தவளாயிற்றே. தவளையில் வைக்கும்போது வெண்மதி ஒரு நாளும் பூவைத் தொட்டதில்லை. தொட்டால் இதழ் கன்றிப்போகும் என்று காம்பைத்தான் பிடிப்பாள். காம்பைச் சீவி, காம்பை அழுத்தி, காம்பைச் சாய்த்து, அவ்வளவிலேயே வேலை முடிந்துவிடும். சரம் தொடுக்கிறவள் ஒவ்வொரு பூவையும் தொட்டாக வேண்டும். இந்தத் தவளைக்குப் பூ வைக்கிறவள் ஒன்றையும் தொட வேண்டியதில்லை.

'காம்பைப் பிடிக்கக் கூடாதுன்னு எவளும் சொல்லலையே' என்று காசியம்மா தனக்குள் சொல்லிக்கொண்டாள். இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள். பிறகு கிளையின் அடியைப் பிடித்து ஒரே வெட்டு.

வானம் இடிந்து விழவில்லை. கிணற்றடிக் காகம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. வேலிக்கு அப்பால் அவர்கள் வயலிலேயே குறுவை நெல் பழுத்து நின்றது. குனிந்து ஒரு கைப்பிடிக் கதிரை அடித்தாளோடு அறுத்தாள். திரும்பும்போது முல்லைப் பந்தலின் கீழே வந்தாள். நிச்சயதார்த்தச் சந்தடியில் இன்று எதிர்வீட்டுப் பெண்கள் யாரும் பறிக்க வரவில்லை. கொடி முழுக்க மொட்டு. முல்லையில் மொட்டைத்தான் பறிப்பார்கள், கொடியை யாரும் வெட்டமாட்டார்கள். அவள் தழையும் மொட்டுமாகத் தொங்கிய ஒரு நீளக் கொடியை அடியோடு வெட்டி எடுத்தாள். மருதையன் இருந்திருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பார், பிறகு என்ன செய்கிறாள் என்று பின்னாலேயே வந்து பார்த்திருப்பார்.

முதலில் வைத்த கிளை நிற்கவில்லை. ஒரு பக்கம் பாரம் அதிகமாகி, தவளையையே கிளப்பிக்கொண்டு உருளிக்குள் சரிந்தது. தண்ணீர் மேசையெல்லாம் தெறித்தது. துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தினாள். மறுபடி சரிந்தது. அடியைக் கொஞ்சம் தறித்து, கட்டையை நாலாகப் பிளந்து, கிளையின் வளைவு தவளையின் நடுவுக்கு நேரே திரும்பி வரும்படி வைத்து அழுத்தினாள். ஊசிகள் கட்டைக்குள் இறங்குவது உள்ளங்கைக்குத் தெரிந்தது. கையை எடுத்தாள். நின்றது.

நெல் தாள் மெலிசு, ஊசிகளுக்கு நடுவே நிற்காமல் நழுவி விழுந்தது. லோகாம்பாள் சரம் தொடுக்க ஊற வைத்திருந்த வாழைநாரில் ஓர் இழை எடுத்துத் தாள்களைச் சேர்த்துக் கட்டினாள். கட்டினதும் கற்றையாக நின்றது, தலை மட்டும் பாரத்தில் குனிந்தது. கடைசியாக முல்லைக்கொடியின் அடியை ஊசியில் குத்தி, உடம்பை நந்தியாவட்டையின் மேல் சாய்த்து, நுனியை உருளியின் விளிம்பைத் தாண்டி மேசை மேல் இறங்க விட்டாள்.

இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள்.

கொல்லை உள்ளே வந்திருந்தது. வெட்டி அடுக்கியதாகவே தெரியவில்லை. தண்ணீருக்கு அடியில் ஏதோ மண் இருந்து, அந்த மண்ணிலிருந்து இவை மூன்றும் ஒன்றாகக் கிளம்பியதுபோல் இருந்தது. காசியம்மாவுக்கு மெய் சிலிர்த்தது. இது தன் கையால் நடந்ததா? இந்தக் கையாலா? அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நெல் தாளின் பிசிறு ஒட்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

உள்ளறை வாசலில் லோகாம்பாள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. காசியம்மாவுக்கு உடம்பெல்லாம் குறுகியது. ஆனால் லோகாம்பாள் அவளைப் பார்க்கவில்லை, உருளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி உள்ளே போனாள். பேசிப் பழகியவள் பேசாமல் போனது காசியம்மாவுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

வெண்மதி திரும்பி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் காலை வைத்தவள், கைப்பையோடு அப்படியே நின்றாள்.

"அத்தை."

"நீதான் வெச்சேன்னு சொல்லிடு" என்றாள் காசியம்மா அடுப்படியிலிருந்து. "என் பேரை எடுக்காத. வினோதா மேல ஆணை."

"அத்தை, எனக்கு இப்படி வைக்க வராதுங்க."

"வந்ததுன்னு வெச்சுக்க."

வெண்மதி மேசைக்குப் பக்கத்தில் போய் ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சுரக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பொழுது சாய்கிற நேரத்தில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை நிலவன், அவன் அம்மா தையல்நாயகி, அப்பா காத்தமுத்து, உறவுக்காரர்கள் ஒரு வேன் நிறைய. காத்தமுத்து வந்ததும் கிழக்கு எது என்று கேட்டு, மின்விசிறிக்கு அடியில் ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தோள் துண்டை அதன் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். வெயில் காய்ச்சல், மழை வரத்து, வேன் ஓட்டுநர் வழி தவறியது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

காசியம்மா அடுப்படிக் கதவை ஒருக்களித்து வைத்து, அந்த இடுக்கு வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கிருந்து தெரிந்தது மேசையும் உருளியும் தையல்நாயகியின் ஒரு தோளும் மட்டும்தான்.

பேச்சு மெல்ல மெல்லக் குறைவது அவளுக்குக் கேட்டது. என்னவோ ஏதோ என்று பதறிக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

முல்லை பூக்க ஆரம்பித்திருந்தது.

பறிக்காத மொட்டு ஆயிற்றே, கொடியிலேயே இருந்ததால் அதற்குச் சாயங்காலம் தெரிந்துவிட்டது. விளிம்பு தாண்டித் தொங்கிய நுனியில் ஒன்று விரிந்தது. கொஞ்சம் மேலே இன்னொன்று. யாரோ கண்ணுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவதுபோல் கொடி நெடுக வெள்ளை ஏறியது. வாசனை எழுந்து கூடம் முழுக்க நிறைந்தது. பூ வாசனை அந்த ஊரில் யாருக்கும் புதிதில்லை. பூ கண்ணெதிரே வீட்டுக்குள் பூப்பதை அவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. பேசிக்கொண்டிருந்த ஆண்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். வேன் ஓட்டுநர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்றார்.

காசியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா வேறெதுவுமா என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் கொல்லையில் தினமும் இது நடந்திருக்கிறது, ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை என்பதுதான் முதலில் தோன்றியது.

"யாருங்க இதை வெச்சது?" தையல்நாயகியின் குரல் தணிந்து வந்தது.

வெண்மதி வாயைத் திறந்தாள். ஆணை ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். 'நான்தான்னு சொல்லேன்டி' என்று காசியம்மா கதவுக்குப் பின்னால் தவித்தாள்.

"எங்க அண்ணி வெச்சது."

சொன்னது லோகாம்பாள்.

"வினோதா அம்மாங்களா? எங்க காணும் அவங்கள?"

"உள்ளதான் இருக்காங்க. இருங்க, கூட்டிட்டு வர்றேன்."

அடுப்படிக்குள் வந்த லோகாம்பாள் கதவைச் சாத்தினாள். காசியம்மா கையெடுத்துக் கும்பிடாத குறை. "ஏன் லோகா என் பேரைச் சொன்ன? அந்த மனுஷன் ஒரு மாதிரி. பொண்ணு வாழ்க்கை."

"அண்ணி, வாங்க."

"நான் வரல."

"அண்ணன் காரியத்தன்னிக்குத் தலை கொள்ளாம உங்களுக்குப் பூ வெச்சோமே, ஞாபகம் இருக்கா?" லோகாம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அதை எடுத்தது என் கைதான். வழக்கம்னு எடுத்தேன். நாலு பேரு எடுன்னாங்க, எடுத்தேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு வர்றப்பல்லாம் உங்க கையைத்தான் பாப்பேன். மடிச்சு மடிச்சு வெச்சிருப்பீங்க. இன்னிக்கு மத்தியானம் நீங்க அந்தக் கிளையை நிறுத்துனப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். எங்க அண்ணன் உசுரோட இருந்தப்ப பாத்த மூஞ்சி அது."

காசியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"காலையில நான் கிள்ளிப் போட்டதைச் சொல்லி வெண்மதி என்னை ஒரு வார்த்தை திட்டல. நீங்களும் திட்டல. திட்டியிருந்தா எனக்கு இவ்வளவு இருக்காது. வாங்க அண்ணி."

"சேலையெல்லாம் எண்ணெய்க் கறை."

"இருக்கட்டும்."

லோகாம்பாள் அவள் கையைப் பிடித்தாள். பிடித்த பிடி விடுவதாக இல்லை.

கூடத்தில் காசியம்மா வந்து நின்றதும் வினோதா தலை நிமிர்ந்தாள். தலையலங்காரம், நெற்றிச்சுட்டி எல்லாவற்றுக்கும் கீழே மகளின் கண் நிறைந்து தளும்பியது. தையல்நாயகி எழுந்து வந்து, "உக்காருங்க சம்மந்தி" என்று தன் பக்கத்தில் இடம் காட்டினாள். காசியம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்ள முடியாது என்று பயமாக இருந்தது.

"எங்க ஊரிலயும் எல்லார் வீட்டுலயும் முல்லை இருக்கு" என்றாள் தையல்நாயகி. "பறிச்சிருக்கேன், கட்டியிருக்கேன், வெச்சிருக்கேன். அது பூக்குறதை நான் இன்னிக்குத்தாங்க பாக்குறேன்."

காத்தமுத்துவின் பார்வை காசியம்மாவின் வெறும் நெற்றியில் ஒரு கணம் நின்று, பிறகு கூரைக்குப் போனது.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுத் தாம்பாளத்தில் சேலை, மஞ்சள், வெற்றிலை, பழம், எல்லாவற்றுக்கும் மேலே சுருட்டி வைத்த மல்லிகைப் பந்து. செம்பியனும் வெண்மதியும் வாங்கிக்கொள்ள எழுந்து முன்னால் வந்தார்கள். தையல்நாயகி தட்டைத் தூக்கினாள். தூக்கியவள் அவர்களைத் தாண்டிக் காசியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"பெத்தவங்க இருக்காங்கள்ல. நீங்க வாங்கிக்குங்க சம்மந்தி."

கூடத்தில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். காசியம்மா செம்பியனைப் பார்த்தாள், வெண்மதியைப் பார்த்தாள், கடைசியில் லோகாம்பாளைப் பார்த்தாள்.

"வாங்குங்க அண்ணி" என்றாள் லோகாம்பாள்.

இதில் காம்பு இல்லை. காம்பைத்தான் பிடித்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. காசியம்மா இரண்டு கையையும் நீட்டினாள்.

தட்டு கை மாறும்போது மல்லிகைப் பந்து அவிழ்ந்து, சரத்தின் நுனி அவள் மணிக்கட்டின் மேல் விழுந்தது. குளிர்ச்சியாக, ஈரமாக இருந்தது. பூவை அவள் தொடவில்லை, பூதான் அவளைத் தொட்டது. உச்சந்தலைவரை அது ஏறியது. இத்தனை நாள் தன் கை பூவை மறந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள், ஒன்றையும் மறக்கவில்லை என்று இப்போது தெரிந்தது. அம்மா என்று வினோதா மெல்லச் சொன்னது காதில் விழுந்தது.

சிரித்துக்கொண்டே தலை நிமிர்ந்த காசியம்மா, மின்விசிறிக்கு அடியில் பார்த்தாள்.

காத்தமுத்துவின் நாற்காலி காலியாக இருந்தது. நாற்காலியின் முதுகில் கிடந்த துண்டையும் காணோம். வாசலில் வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நிலவன் எழுந்து வெளியே ஓடினான். தையல்நாயகியின் முகம் வெளுத்தது, ஆனால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

யாரோ ஒருத்தி காசியம்மாவின் பக்கத்தில் வந்து, "இப்படிக் குடுங்க, நான் வாங்கிக்கறேன்" என்று தட்டுக்குக் கையை நீட்டினாள்.

காசியம்மா கொடுக்கவில்லை. தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.